வெர்லின் நிரப்பாத கட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் சிரித்தேன். இந்தக் கதை பிறந்ததே அந்தச் சிரிப்பில்தான். ஒகையோவில் எங்கள் ஊருக்கு வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிக்கூடத்து அமெரிக்கக் கால்பந்துதான். பந்தைப் பிடிக்க எம்பிய டானரை, எதிரணிப் பையன் ஒருவன் தலைக்கவசத்தாலேயே தலையில் மோதிச் சாய்த்தான். எழுந்த டானர் நேரே எதிரணிக் கூட்டத்துக்குள் போய், அவர்களோடு தோளோடு தோளாகக் குனிந்து நின்றுகொண்டான். மைதானமே சிரித்தது. நானும்தான்.

நடுவர் வெர்லின் மட்டும் சிரிக்கவில்லை. விதிமீறல் என்று காட்டும் மஞ்சள் கொடியை வீசினார். அடித்தவனை வெளியே அனுப்பினார். அந்தத் தண்டனையால் முன்னேறக் கிடைத்த பதினைந்து கெஜத்தில்தான் டானரின் அணி ஜெயித்தது.

2

சனிக்கிழமைக் காலை, பனி மூடிய...

(வேண்டாம். பனியே பெய்யவில்லை. எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் எனக்கு உடனே பனி பெய்துவிடும்.)

மறுபடி. வெர்லினுக்குப் பிழைப்பு டயர் கடை. காலையில் கடைக்கு இரண்டு அப்பாக்கள் வந்தார்கள்: அடித்தவனின் அப்பா ரஸ், அடிபட்ட டானரின் அப்பா டேல். கொடி சரியா தப்பா என்று நேற்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கப் போனவர்கள், இன்று ஒரே டோனட் பெட்டியோடு!

"யோவ் வெர்லின், நேத்து ஆட்டத்தோட அறிக்கையை இன்னும் அனுப்பலைல்ல?" என்றார் ரஸ். "தலையில அடின்னு எழுதினா என் பையன் அடுத்த ஆட்டம் வெளிய உட்காரணும்."

"என் பையனும்தான்," என்றார் டேல். "டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் களத்துல கால் வைக்க விடமாட்டாங்க. வர்ற வெள்ளி அவனை டீமுக்கு எடுக்கலாமான்னு பார்க்கத்தான் காலேஜ்லேர்ந்து ஆள் வருது. தோள்லதான்யா பட்டுச்சு."

"நேத்து நீதானே, 'என் பிள்ளையைக் கொல்லப் பாத்தான்'னு தொண்டை கிழியக் கத்தினே?" என்றார் வெர்லின்.

"அது நேத்து. பெனால்டி வேணும்ல."

"அப்ப எதிர் டீம்ல போய் ஏன் நின்னான்?"

"சும்மா விளையாட்டுக்குப்பா. அவனுக்குக் குசும்பு ஜாஸ்தி."

(இந்த டேலை நான் நம்பவில்லை. எந்தத் தகப்பன் இப்படிப் பேசுவான் என்று மூன்று முறை கோடு போட்டு அடித்துவிட்டேன். காலேஜ் ஆளை நினைத்துப் பார்த்ததும் திரும்ப எழுதிவிட்டேன்.)

3

வெளியே அப்பாவின் வண்டியில் உட்கார்ந்திருந்த டானர் இறங்கி வந்தான். ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டு, "நேத்து யார் சார் ஜெயிச்சாங்க?" என்றான்.

"நீங்கதான்ப்பா," என்றார் வெர்லின்.

"அப்பாடா!" டோனட்டைத் தின்று முடித்தான். விரலைத் துடைத்துக்கொண்டான். "நேத்து யார் சார் ஜெயிச்சாங்க?"

"பாத்தியா, குசும்பு," என்று டேல் சிரித்தார். ஆனால் அவர் கை பையனின் தோளை இறுகப் பிடித்திருந்தது. ரஸ் டோனட் பெட்டியை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

4

முடிவு அ: வெர்லின் உள்ளதை எழுதுகிறார். ஊரே பக்கத்து ஊரில் போய் டயர் மாற்றுகிறது. (நல்லவர் கதை. எனக்கே கொட்டாவி.)

முடிவு ஆ: தோளில் பட்டது என்று எழுதுகிறார். வெள்ளிக்கிழமை டானர் பந்துக்கு எம்புகிறான், அப்போது...

இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. சிரித்தவன்தானே நான்.

அறிக்கைப் படிவம் இதோ. ஒரே கேள்விதான்: அடி தலையில் பட்டதா? ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள். நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். வெர்லின் பேனாவை உங்கள் பக்கம் நீட்டுகிறார்.

சீக்கிரம். டானர் மறுபடியும் வாயைத் திறக்கிறான்.