பாதி வழியில் நின்ற அழைப்பு

மழைக்காலம் பிறந்த வாரத்தில், கானா நாட்டின் குமாசி நகரத்துப் பன்டாமாவில், கொனாடுவின் வீட்டுக் கணினி கனம் தாங்காமல் சிமெண்டுத் தரைக்குள் முழங்கால் ஆழம் இறங்கியது. மேசையும் கூடவே போயிற்று. அதன் விசிறி கக்கிய அனலில் பக்கத்து வீட்டார் வாழைக்காய் சுட்டுத் தின்றார்கள். ஊரில் யார் இறந்தாலும் சாவுச் சுவரொட்டியை அந்தக் கணினியில் செய்து கொடுப்பவள் அவள். முதலில் அவள் கணவர் அம்போன்சாவின் சுவரொட்டி திறக்க மறுத்தது, பிறகு எல்லாருடையதும். நினைவகம் போதவில்லை என்று சொல்லித் திரை உறைந்துவிடும். சுவரொட்டி ஒட்டாமல் அடக்கம் ஏது? ஒன்றரை வருடமாக அம்போன்சா பிணவறைக் குளிரில் காத்துக் கிடந்தார்.

அம்போன்சாவின் குடும்பத் தலைவர், நானா டுவும் என்பவர், வாசலில் வந்து இரைந்தார். “ஊர்ப் பிணத்துக்கெல்லாம் ஒட்டுனவ, உம் புருஷனுக்குன்னா மட்டும் மெஷின் மக்கர் பண்ணுதா? சனிக்கிழமை அடக்கம். ஒட்டலேன்னா பேரு ஊரு இல்லாதவனாட்டம் பொதச்சிட்டு வந்துருவோம்.”

கணினி பழுதுபார்க்கும் பாஃபோ வந்தான். உலாவியை மூடினான், வைரஸ் தேடினான், கூடுதல் நினைவகம் செருகினான். மூடியைத் திருகி முடிப்பதற்குள் அதுவும் நிரம்பியது. மின்கம்பியைப் பிடுங்கினான்; கணினி அணையவில்லை.

“அம்மா, ஒரு வீடியோ கால் இன்னும் ஓடுது. அதுதான் மொத்தத்தையும் முழுங்குது. மூட மூடத் தொறந்துக்குது. யாரோடது?”

அக்ரா மருத்துவமனையிலிருந்து அம்போன்சா கடைசியாகப் பேசிய அழைப்பு அது. முடிக்கும்போது அவர் முறைப்படி வழி கேட்டார்; விடைபெற உத்தரவு கேட்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். புறப்படுகிறவருக்கு அந்த ஊரில் யாரும் முழு வழி கொடுப்பதில்லை. மீதியை வாங்கத் திரும்பி வரட்டும் என்று பாதிதான் கொடுப்பார்கள். அவளும் பாதி கொடுத்தாள். அன்று மாலையே அவர் இறந்துபோனார்.

பாஃபோ அழைப்பைத் திரைக்குக் கொண்டுவந்தான். செருப்பைக் கையில் பிடித்தபடி அம்போன்சா நின்றுகொண்டிருந்தார்.

“பாதியக் குடுத்துட்டு நீ பாட்டுக்கு வேலையப் பாக்கப் போயிட்ட. கால் கடுக்குது கொனாடு.”

“முழுசும் குடுத்தா திரும்ப வர மாட்டீங்களே.”

“மாட்டேன்.”

“ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா மனுஷா?”

“எந்தப் பொய்ய நீ கண்டுபிடிக்காம விட்ட?”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. பாஃபோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, வழி பூரா உங்களுது. போயிட்டு...” என்றவள், வாருங்கள் என்பதை விழுங்கிக்கொண்டாள்.

நினைவகப் பயன்பாடு தொண்ணூற்றெட்டு சதவீதத்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. மேசை தரையை விட்டு மேலே வந்தது. அன்றே சுவரொட்டி அச்சானது. வியாழக்கிழமை அதில் அம்போன்சாவின் முகம் இருந்தது; வெள்ளிக்கிழமை முதுகு. சனிக்கிழமை காலை பன்டாமா முழுக்க ஒட்டிய தாள்களில் அவர் பெயரும் ஒரு செம்மண் பாதையும் மட்டுமே இருந்தன. துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்தவர்கள் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அச்சு சுத்தமாக இருக்கிறது என்றார் நானா டுவும்.