கச்சிதமான சட்டை

என் தையலில் குறை சொன்னவர் இந்தத் தெருவில் யாரும் இல்லை. சொன்னால் நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட என்னிடமே நாலு வருடத்துக்கு முன்னால் அக்கா ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“என்னடி தைச்சிருக்கே? முன்னால தொளதொளன்னு தொங்குது, பின்னால மேல ஏறுது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். தப்பு தையலில் இல்லை, அவள் முதுகில். லேசாக வளைந்திருந்தது. அறுபது தாண்டினால் எல்லாருக்கும் ஆவதுதானே என்று விட்டுவிட்டேன். மூஞ்சிக்கு நேரே கூனல் என்று சொன்னால் அக்கா ஊரைக் கூட்டிவிடுவாள். வாயை மூடிக்கொண்டு பின்பக்கத்தை அரை இன்ச் கூட்டி, முன்பக்கத்தைக் குறைத்துத் தைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

அதன்பிறகு வருடா வருடம் அளவு மாறியது. நானும் மாற்றி மாற்றி வெட்டினேன். அக்கா கண்ணாடி முன்னால் நின்று, “உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி” என்பாள். எனக்குத் தலைகால் புரியாது.

போன வாரம் குளியலறை வாசலில் கால் தடுக்கிக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம்.

“இவ்வளவு சின்ன அடிக்கெல்லாம் எலும்பு உடையக்கூடாதே. உயரம் குறைஞ்சிருக்கா? முதுகு வளைஞ்சிருக்கா?”

“அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல டாக்டர்,” என்றாள் அக்கா. “என் சட்டையைப் பாருங்க, எவ்வளவு அழகா உக்காந்திருக்கு!”

டாக்டரம்மா பார்த்தார். தலையாட்டிவிட்டு வலி மாத்திரைக்குச் சீட்டு எழுதத் தொடங்கினார். நான் குறுக்கே புகுந்தேன்.

“டாக்டர், சட்டையை நம்பாதீங்க. நாலு வருஷத்துல முன்பக்கம் ஒன்றரை இன்ச் குறைஞ்சிருக்கு, முதுகுப்பக்கம் ஒரு இன்ச் கூடியிருக்கு. நான்தான் வெளியில தெரியாத மாதிரி வெட்டித் தைச்சேன்.”

அக்கா என்னை முறைத்த முறைப்பை இன்னும் மறக்கவில்லை. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். அவளை நிற்கவைத்து உயரம் அளந்தார். எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுக்க அனுப்பினார்.

மறுநாள் படத்தைக் காட்டினார். முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன.

“எலும்பு உள்ளுக்குள்ளயே வலுவிழந்து போகுது. நிறைய பேருக்கு வலியே தெரியாது. உயரம் குறையறதும் முதுகு வளையறதும்தான் அடையாளம். கவனிக்காம விட்டிருந்தா அடுத்து இடுப்பு உடைஞ்சிருக்கும். மருந்து ஆரம்பிச்சிடலாம். ஆனா நசுங்கினது நசுங்கினதுதான், திரும்ப நிமிராது.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். எனக்கு அழுகையாக வந்தது.

“அன்னிக்கே ஏண்டி சொல்லல?”

“சொன்னா கோவிச்சுக்கிட்டு வேற தையல்காரிகிட்ட போயிருப்பே.”

“போயிருப்பேன்,” என்றாள் அக்கா. “அவ கோணல்மாணலா தைச்சிருப்பா. என் முதுகு எனக்கே தெரிஞ்சிருக்கும். அப்பவே டாக்டர்கிட்ட வந்திருப்பேன்.”