அக்காவை இளைக்க வைக்க மாட்டேன்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் அக்கா கொழுப்புச் செல்களை ஆராய்கிறவள். அக்கா குண்டு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று அவளுடைய துறைத்தலைவர் நினைக்கிறார். அதனால் அவள் கண்டுபிடித்ததை மாநாட்டில் ஒல்லியான ஜூனியர் பேசட்டும் என்றிருக்கிறார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஜனங்க சிரிப்பாங்க" என்றாராம்.

2

முதல் தொடக்கம்: 'இளங்கதிர் மெல்லப் பரவிய ஆய்வகத்தில் அவள்...' (வேண்டாம். அங்கே ஜன்னலே கிடையாது. ட்யூப்லைட், அதுவும் விட்டு விட்டு எரியும்.)

இரண்டாவது தொடக்கம்: ஓர் இளம் செல் கொழுப்புச் செல்லாக மாறலாம், மாறாமலும் இருக்கலாம். அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் புரதங்களில் சில 'பொறு' என்கின்றன, சில 'ம், ஆகட்டும்' என்கின்றன. 'பொறு' அடங்கிவிட்டால் செல் எண்ணெயைச் சேர்த்துக்கொண்டு உருண்டுவிடும். (அறிவியல் இவ்வளவுதான். கொட்டாவி விட வேண்டாம்.)

3

முதல் வரைவில் அக்காவை இளைக்க வைத்தேன். பாசத்தில்தான். மன உறுதியால் இளைத்து மேடையேறினாள், கைதட்டல் காதைப் பிளந்தது. அதைப் படித்துவிட்டு அக்கா என் காதைத் திருகாத குறை. ஆய்வகத்துக்கு இழுத்துப்போய் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னாள். 'பொறு' புரதம் ஊற்றிய தட்டில் செல்கள் ஒல்லியாக நீண்டு கிடந்தன. ஊற்றாத தட்டில், சாயம் ஏறிய எண்ணெய்த் துளிகள் செக்கச்செவேலென்று நிறைந்திருந்தன.

"ரெண்டு தட்டுக்கும் ஒரே தீனிதான் போட்டேன். இதுல எந்தத் தட்டுக்குடா மன உறுதி இல்ல?"

நான் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தேன்.

"இந்தக் கொழுப்புச் செல் உருவாகலேன்னா எண்ணெய் கல்லீரல்ல போய் உக்காரும். அது பாட்டுக்கு அது வேலையப் பாக்குது. என்னையும் என் வேலையப் பாக்க விடுங்க."

4

முடிவுகளை யோசித்தேன்.

தலைவர் மனம் மாறி மன்னிப்புக்... (நடக்கிற காரியமா?)

அக்கா மருந்து கண்டுபிடித்து உலகமே மெலிந்து... (தொலையட்டும்.)

அவள் இளைத்து... மாட்டேன். பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பினாலும் மாட்டேன்.

5

யாரையும் கேட்காமல் அக்கா மேடையேறிவிட்டாள். (படி முனகியது என்று எழுதப்போன கையை நானே தட்டிவிட்டேன். அது கான்கிரீட் படி.) பேச வேண்டியதை முழுக்கப் பேசிவிட்டு, "கேள்வி ஏதாவது இருக்கா?" என்கிறாள்.

முன்வரிசையில் தலைவர் தரையைப் பார்க்கிறார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள். உங்கள் உதட்டோரம் ஏதோ துடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அக்காவுக்கும் தெரியும். அவள் இறங்குவதாக இல்லை.

நான் பேனாவை மூடிவிட்டேன். சிரிப்பதா, கேட்பதா என்பது இனி உங்கள் பாடு. கேட்பதானால் அந்தப் புரதத்தைப் பற்றிக் கேளுங்கள்.