குடும்ப நோய் விவரம்

காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஊழியர் மருத்துவ பாலிசிக்கு என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பதினொன்றாவது கேள்வி: குடும்ப நோய் விவரம். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் ‘இல்லை’ என்று ஒரே இழுப்பில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். அம்மா, மார்பகப் புற்றுநோய், நாற்பத்து மூன்று வயதில் இறந்தார். பெரியம்மா, அதே நோய், நாற்பத்தேழு. இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஒரு கட்டம் காலியாக இருந்தது என்று என் உதவித்தொகை விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட வேண்டும் என்று புத்தியில் ஊறிப்போயிருந்தது. கேட்டாலும் சொல்லாமல் இருக்கலாம் என்பது படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வித்தை.

முத்திரை குத்தும் சீல் அண்ணன் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “என்னம்மா, கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி எழுதியிருக்க? இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?”

படித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துப் புதிய சட்டம் வந்தது. எங்கள் பிரிவுத் தலைவி, நாங்கள் மேடம் என்று அழைப்பவர், எல்லாரையும் கூட்டி வைத்து வகுப்பெடுத்தார். எந்த விண்ணப்பத்தை ஏற்பது, எதை மறுப்பது என்பதெல்லாம் அவர் கையில்தான். “குடும்பத்துல யாருக்கு என்ன நோய் இருந்ததுன்னு இனிமே கேக்கக் கூடாது. அதைக் காரணம் காட்டி மறுக்கவும் கூடாது. பொறக்கிற வீட்டை யாராவது பார்த்துப் பார்த்து எடுக்க முடியுமா, சொல்லுங்க?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே, எங்கள் கம்பெனியில் மருத்துவ பாலிசி எடுக்கச் சொல்ல அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா சட்டைத் தொழிற்சாலையில், தைத்து வரும் சட்டைகளில் பிசிறு தேடுகிற வேலை பார்க்கிறாள். எட்டாவதோடு அவள் படிப்பை நிறுத்தியதால்தான் நான் பட்டம் வாங்கினேன். அவளுக்கு முப்பத்தாறு வயது. அம்மா போன வயதுக்கு இன்னும் ஏழு வருடம். இதை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை, ஆனால் இருவருமே எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

“வேணாம்டி. அம்மாவுக்கு என்னன்னு கேப்பாங்க. மாமாவுக்கே தெரியாது, காய்ச்சல்ல போனாங்கன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். தெரிஞ்சா என் மாமியார் வாய் சும்மா இருக்குமா?”

“கேக்கவே மாட்டாங்கக்கா. சட்டமே வந்தாச்சு. நான் இருக்கேன்ல?”

அரை மனசோடு அக்கா விண்ணப்பித்தாள். மூன்று வாரத்தில் ஒற்றை வரிக் கடிதம் வந்தது. தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். காரணம் எதுவும் இல்லை. அக்கா ஃபோனில், “நீ வேலை பாக்குற கம்பெனிதானே அது?” என்று மட்டும் கேட்டாள்.

அலுவலகத்தில் அக்காவின் ஃபைலைத் தேடினேன். சீல் அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினார். “இந்தக் கட்டு இன்னிக்குத்தான் ரெக்கார்டு ரூமுக்குப் போகுது. பென்சில் குறிப்பெல்லாம் அஞ்சு மணிக்கு அழிச்சிட்டுத்தான் உள்ளே வைப்போம். இப்ப மணி நாலு. நான் டீ குடிச்சிட்டு வரேன்.”

அக்காவின் விண்ணப்பத்து ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: ‘நம் ஊழியரின் அக்கா. ஊழியர் படிவம், கேள்வி 11 பார்க்க. ஏற்க வேண்டாம்.’ கீழே மேடத்தின் சுருக்கக் கையெழுத்து. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன்.

நேராக மேடத்தின் அறைக்குப் போனேன்.

“நீங்கதானே மேடம் கிளாஸ் எடுத்தீங்க?”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “கேக்கக் கூடாதுன்னு சட்டம். உங்க அக்காவை நாங்க எதாவது கேட்டோமா?”

“கேக்கல.”

“நீயாத்தானேம்மா எழுதிக் கொடுத்த?”

“என் பாலிசிக்கு எழுதினேன். எங்கக்காவைக் காட்டிக் கொடுக்க எழுதல.”

“உட்காரு. நீ எனக்குப் பொண்ணு மாதிரி. ஒண்ணு பண்றேன். மார்பு சம்பந்தப்பட்ட எதுவும் சேராதுன்னு ஒரு நிபந்தனை போட்டு பாலிசி குடுத்துடறேன். மத்த எல்லாத்துக்கும் கவர் உண்டு.”

“லைஃப் ஜாக்கெட் குடுத்துட்டு, தண்ணியில இறங்கினா கழட்டிடணும்னு சொல்ற மாதிரி இருக்கு மேடம்.”

“வாய் ஜாஸ்திதான் உனக்கு. முதல்ல வேலையைக் காப்பாத்திக்கற வழியைப் பாரு.” பொண்ணு என்ற உறவு அந்த அறையில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் எழுதினேன். படத்தை இணைத்தேன். ஆனால் விண்ணப்பித்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் அப்போதுதான் வந்திருந்தாள். சேலையும் தலைமுடியும் முழுக்க நூல் பிசிறு. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், என் படிவத்தையும் சேர்த்து.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“பதினொரு வருஷம் ஒரே வீட்டுல படுத்து எழுந்திரிக்கற மனுஷன்கிட்ட நான் மறைச்சேன். நீ மொத நாளே முன்பின் தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்க.”

“கேட்டாங்கக்கா.”

“கேட்டா? கேட்டா எல்லாத்தையும் அவுத்துக் கொட்டுவியா? அம்மாவோட வலியை உன் பாலிசிக்கு எழுதின, சரி. அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு தோணலியா?”

புகார்க் காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன்.

“விசாரணைக்குக் கூப்பிட்டா அம்மா விஷயம் எல்லாம் வெளியே வருமா?”

“வரும்.”

“அந்த மேடம் சொன்ன பாலிசியை வாங்கிக்கிட்டா?”

“எதுவும் வெளியே வராது. ஆனா உனக்கு எது வரும்னு பயப்படறோமோ, அதுக்கு ஒண்ணும் கிடைக்காது.”

அக்கா காகிதத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். தொழிற்சாலையில் சட்டையைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “என்னங்க, கொஞ்சம் வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று கூப்பிட்டாள். என்னைப் பார்த்து, “நீ வெளியே நில்லு” என்றாள்.

மாடிப்படியில் நின்றேன். மாமாவின் குரல் ஒரு முறை உயர்ந்தது. கதவு திறந்தபோது அக்காவின் கண் வீங்கியிருந்தது. காகிதத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“மாமா என்ன சொன்னாரு?”

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள. எங்கேயும் எழுதிக் குடுத்துடாத.”

“அக்கா...”

“கேஸை நடத்து. கூப்பிட்டா வந்து நிப்பேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத.”

கதவைச் சாத்திக்கொண்டாள். புகாரை அனுப்ப வேண்டிய கூரியர் கடையை மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நடந்தேன்.