ஒருத்தன் வயிறு மட்டும்

சவரி கக்கியது ரத்தம். முதலில் காபித்தூளைக் கரைத்தது போலக் கறுப்பாக. அப்புறம் செக்கச்செவேலென்று.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை. கோவிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கிளம்பியவன் அதியமான்கோட்டை வீட்டு வாசலிலேயே சுருண்டு விழுந்தான்.

முந்தின ராத்திரி வீட்டில் மூன்று பேரும் ஒரே சட்டிக் களிதான் தின்றார்கள். அவன் அக்கா ஞானமேரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண்டாட்டி ராயம்மாளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்கு மட்டும் ஏன்?

ஞானமேரிக்குப் பதில் தெரியும். கொஞ்ச நாளாகவே விடியற்காலையில் கொல்லைப்பக்கம் அம்மிச் சத்தம். எட்டிப் பார்த்தால் ராயம்மாள் ஏதோ பச்சிலையை அரைத்துத் துணியில் பிழிந்துகொண்டிருப்பாள். காலடிச் சத்தம் கேட்டதும் டம்ளரை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் முனிராஜ் முதலில் கேட்டது ஒன்றுதான். "மருந்து மாத்திரை எதாச்சும் சாப்பிட்டாரா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் ஞானமேரி. "இவளைக் கேளுங்க! பச்சைச் சாறு ஊத்தினவ இவதான். ஆஸ்பத்திரி வாசல் போலீஸ்காரருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கறேன்."

ராயம்மாள் டாக்டரின் பக்கம் திரும்பினாள். "கீழாநெல்லிங்க. கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சுது. ஒருசந்தி இருக்கறவரு, மத்தியானம் வரைக்கும் தண்ணியத் தவிர எதுவும் தொடக்கூடாது. சாறு குடுத்தா ஒருசந்தியக் கெடுத்துட்டேன்னு அண்ணி ஊரக் கூட்டுவாங்க. அதான் மறைச்சேன்."

"அரளியோ என்ன எழவோ! வூட்டுக்கே வெளக்கு வெக்க வந்தவ மாதிரி பேசறா பாரு!"

டாக்டர் சவரியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "சாராயம் உண்டா?"

"வுட்டு ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள் ராயம்மாள்.

"வுட்டாலும் ஈரல் சுருங்கிப் போயிருக்கு. மண்ணீரல் கையில தட்டுது. குழாய் விட்டுப் பார்க்கச் சேலம் அனுப்பணும், மொதல்ல ரத்தம் நிக்கட்டும். ஆனா இன்னிக்கின்னு பார்த்து ஏன் கொட்டுச்சு? எதோ ஒண்ணு தூண்டியிருக்கு."

எதோ ஒண்ணு. ஞானமேரியின் பார்வை ராயம்மாள் மேல் போய் நின்றது. "வெளிய போடி. அவன் வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினாலும் இனி நாந்தான் ஊத்துவேன்."

ராயம்மாள் வராந்தாவுக்குப் போனாள். ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

மத்தியானம் சவரி முனகினான். "அக்கா... முட்டி..."

ஞானமேரி சேலை முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"டாக்டர்!" கதவோரம் இருந்து ராயம்மாள் அலறினாள். "அண்ணி எதையோ குடுக்கறாங்க!"

பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கையில் இரண்டு வெள்ளை வில்லைகள்.

"அட, ஆஸ்பிரின்தானுங்க" என்றாள் ஞானமேரி, கையை உருவிக்கொண்டே. "சிலுவைப்பாதைல முட்டி போட்டுப் போட்டு வலி. தபசு தொடங்குனதுலேர்ந்து காலையில ரெண்டு குடுக்கறேன். மாத்திரை சோறா என்ன? ஒருசந்தி கெடாது."

"மாத்திரை சாப்பிட்டாரான்னு கேட்டேனே?"

"பொட்டிக்கடையில விக்கிறதப் போயி மருந்துன்னு யாருங்க சொல்லுவா? நானுந்தான் திங்கறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உங்க வயிறு தாங்கும்மா. அவரு வயிறு தாங்காது." டாக்டரின் குரல் இறங்கியது. "சுருங்கின ஈரலுக்குள்ள ரத்தம் போக வழியில்லாம பின்னால தேங்குது. அந்த அழுத்தத்துல இரைப்பையோட உள்தோல் ஊறின மண்சுவரு மாதிரி ஆயிடும். அது மேல இந்த மாத்திரை, அதுவும் வெறும் வயித்துல. இப்ப நீங்க குடுத்திருந்தா மறுபடி கொட்டியிருக்கும். நிறுத்த என்னால ஆகாது."

ஞானமேரி டம்ளரைக் கீழே வைத்தாள். மாத்திரைகளை மறுபடி சேலை முனையில் முடிந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்ஸ் சத்தம். ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"விசம் வெச்சதா யாரோ சொன்னீங்களாமே? யாரு வெச்சது?"

ஞானமேரி ராயம்மாளைப் பார்த்தாள்.

"யாரும் வெக்கலீங்க. ஈரல் நோவு. டாக்டரையே கேளுங்க" என்றாள் ராயம்மாள்.

போலீஸ்காரர் போனார். ஞானமேரி தம்பியின் நெற்றியைத் தொடக் கை நீட்டினாள். ராயம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடுங்க அண்ணி. மொதல்ல அந்தச் சேலை முடிச்ச ஒதறிக் காட்டுங்க."