கடலா, குடலா?

அச்சகத்தில் அவருக்குக் கொம்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாற்பது பக்கம் ஒழுங்காக வந்து, நாற்பத்தோராவது பக்கத்தில் ஓர் ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாக விழுந்திருந்தால் அவருடைய சிவப்புப் பேனா நேராக அங்கே போய் நின்றுவிடும். பிழை திருத்துவதில் இருபத்திரண்டு வருடப் பழக்கம். பார்த்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு சொல் எழுதுவார்: ‘பார்த்தேன். சரி.’ அந்தச் ‘சரி’ இல்லாமல் முதலாளி அச்சுத் தகடு போட மாட்டார். வாயால் ஆயிரம் முறை சொன்னாலும் செல்லாது, தாளில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவரே கொம்புதான்.

மூன்று வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி மதியத்துக்கு மேல் அவர் நாற்காலி காலியாக இருக்கும். டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு படுத்திருந்துவிட்டு, பிழிந்த துணி மாதிரி வீடு திரும்புவார்.

அன்று புதன்கிழமை. கணினியில் பக்கம் அமைக்கும் பெண் ஒரு தாள் கட்டைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள்.

“அண்ணே, உங்க ஆளுங்க புஸ்தகம். நாளைக்குப் பத்து மணிக்கு அச்சுக்குப் போகணுமாம்.”

“என் ஆளுங்களா? சிறுநீரகம் கெட்டவங்கல்லாம் சேர்ந்து கட்சியா ஆரம்பிச்சிருக்கோம்?”

“ஆரம்பிச்சா நீங்கதான் தலைவர், கொம்பு வேற இருக்கு” என்று சிரித்தாள். “பதினாலாம் பக்கத்துல ஒரு சந்தேகம்ணே. கடல்னு இருக்கு. குடலோன்னு பென்சில்ல கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்.”

“நோயாளிங்க புஸ்தகத்துல கடலுக்கு என்னம்மா வேலை? சுழி விட்டுப் போயிருக்கும். நான் பாத்துக்கறேன்.”

சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையின் கையேடு அது. புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். பதினான்காம் பக்கத்துக்கு ‘ஒரு மனைவி சொன்னது’ என்று தலைப்பு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தார்.

‘காலையில் ஒரு வெள்ளை ஜக்கில் அன்றைக்கான தண்ணீரை அளந்து வைப்பேன். மத்தியானத்துக்குள் கடல் வற்றிவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.’

பேனா அப்படியே நின்றது.

மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அளவை அவர் மனைவி ஒரு வெள்ளை ஜக்கில் ஊற்றி மேசையில் வைத்தாள். அவர் அதையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, “இந்தாங்க, இன்னிக்கு இதுதான் உங்க கடல். பாத்து நீந்துங்க” என்றாள். இரண்டு வாரத்தில் அன்றுதான் அவர் சிரித்தார். அன்றிலிருந்து அந்த ஜக்குக்குக் கடல் என்றே பெயர். ‘கடல்ல எவ்வளவு மிச்சம்?’ ‘கடல் உள்வாங்கிடுச்சா?’ அவர்கள் இருவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் அந்தப் பேச்சு தெரியாது. தெரியாது என்றுதான் இந்த நிமிடம் வரை நினைத்திருந்தார்.

மேலே படித்தார்.

‘குளிக்கும்போது அவர் தண்ணீரை விழுங்குகிறார். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார். குழாய்ச் சத்தம் நடுநடுவே மாறும். மறுநாள் எடை பார்த்தால் தெரிந்துவிடும். கேட்டால் அவமானப்படுவார் என்று கேட்பதில்லை. நான் அவர் எதிரில் தண்ணீர் குடித்து மூன்று வருடம் ஆகிறது. அவரை டயாலிசிஸில் விட்டுவிட்டு வரும் அந்த நான்கு மணி நேரம்தான் நான் நிம்மதியாக மூச்சு விடுவது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடிப்பேன். இந்த நான்கு மணி நேரம் ஆறு மணி நேரமாக இருக்கக் கூடாதா என்று சில நாள் தோன்றும்.’

யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்ந்தார். பக்கம் அமைக்கும் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இதை அவள் எழுத்து எழுத்தாக அடித்திருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘இக்கையேட்டை உருவாக்க உதவிய நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் அவர்கள் செலவிட்ட நேரத்துக்கு மதிப்பூதியம் வழங்கப்பட்டுள்ளது.’

அப்போதுதான் எட்டு மாதத்துக்கு முன் நடந்தது ஞாபகம் வந்தது. டயாலிசிஸ் அறைக்கு அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். நோயாளிகளும் வீட்டில் உள்ளவர்களும் கூட்டத்துக்கு வந்து எது உதவும், எது உதவாது என்று சொல்ல வேண்டும், அதற்குப் பணம் கொடுப்போம் என்றார். அன்று இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள், “போய்த்தான் பாக்கலாமா?”

“நாலு சுவத்துக்குள்ள இருக்கறதைக் கூறு போட்டு விக்கச் சொல்றியா?”

“சரி” என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதன் பிறகுதான் அவள் சனிக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். இரண்டு மாதம் முன்பு அவர் மூக்குக்கண்ணாடி உடைந்தபோது புதிதாக ஒன்று வாங்கி வந்து, “அக்கா கொடுத்தா” என்றாள். அந்த அக்காவுக்குப் போன் போட்டு நன்றி வேறு சொன்னார். “அதனால என்ன தம்பி... இருக்கட்டும் தம்பி” என்று அக்கா தடுமாறியது இப்போதுதான் புரிந்தது. அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பதினான்காம் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனார்.

மனைவி சலவைக் கடையில் ரசீது எழுதுகிறவள். அப்போதுதான் வந்து கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் தாளைப் பிரித்து மேசையில் ஜக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“படி.”

முதல் வரியைப் பார்த்ததும் அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். “உங்க பிரஸ்ஸுக்கா வந்துச்சு?”

“வேற பிரஸ்ஸுக்குப் போயிருந்தா பரவாயில்லையா?”

“பேர் போட மாட்டோம்னாங்க. போடலையே.”

“பேர் எதுக்கு? கடல் போதாதா?” ஜக்கைத் தள்ளினார். தண்ணீர் தளும்பியது. அந்த நிலையிலும் இருவர் கையும் அதைப் பிடிக்கப் போனது. “எவ்வளவு கொடுத்தாங்க?”

“உங்க மூக்கு மேல இருக்கு.”

அவர் கண்ணாடியை வெடுக்கென்று கழற்றி மேசையில் வைத்தார். அவள் முகம் மங்கிப் போய் வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது. முகம் தெரியாத ஆளோடு சண்டை போட முடியவில்லை. திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கூலி வாங்கிக்கிட்டு என்னைப் பத்திப் பேசியிருக்க.”

“என்னைப் பத்திப் பேசினேங்க. அதுல நீங்களும் வர்றீங்க, நான் என்ன பண்ண? முதல் தடவை கவர்ல வச்சுக் கொடுத்தப்போ வேண்டாம்னேன். ‘டாக்டர் வந்து பேசினா கொடுக்கறோமே, மூணு வருஷமா நீங்க கத்துக்கிட்டதை எங்களுக்குச் சொல்றீங்க, உங்களுக்குக் கொடுக்கக் கூடாதா’ன்னு அந்தம்மா கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. வாங்கிக்கிட்டேன்.”

“புருஷனைப் பாத்துக்கறதுக்குக் காசு கேக்கறியா?”

“உங்ககிட்ட கேக்கலையே.”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “அன்னிக்கு என்கிட்ட சரின்னு சொன்ன” என்றார்.

“சொன்னேன்.”

“சொல்லிட்டு எட்டு மாசம் அக்கா வீடு.”

“போறேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

“ஆறு மணி நேரமா இருக்கக் கூடாதான்னு...” குரல் பிசிறியது. “அங்க படுத்துக்கிட்டு நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருப்பேன்டி. எப்ப முடியும், எப்ப வீட்டுக்குப் போவோம்னு. நீ அதே கடிகாரத்தை...”

நான் அப்படிச் சொல்லவில்லை, அவர்களே சேர்த்துக்கொண்டார்கள் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று காத்திருந்தார். பொய்யாக இருந்தாலும் போதும்.

“சில நாள்னுதான் சொல்லியிருக்கேன்” என்றாள் அவள். “நான் அதைச் சொன்னதும் எதிர்ல ஒரு பொண்ணு விக்கி விக்கி அழுதா. அவ புருஷனுக்கு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. ‘எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுது, நான் பேயோ பிசாசோன்னு நினைச்சேன்’னா. அதனாலதான் புஸ்தகத்துல போடச் சொன்னேன்.”

“முன்ன பின்ன தெரியாதவகிட்ட சொல்ல முடிஞ்சுது. என்கிட்ட முடியல.”

“குளிக்கறப்போ முழுங்கறதை நீங்க என்கிட்ட சொன்னீங்களா?”

அவர் ஜக்கை இருந்த இடத்துக்கே நகர்த்தி வைத்தார்.

அவள் போனை எடுத்து மேசையில் வைத்தாள். “அச்சுக்குப் போற வரைக்கும் நான் சொன்னதை எப்ப வேணாலும் புஸ்தகத்துலருந்து எடுத்துடலாம்னு எழுத்துல கொடுத்திருக்காங்க. எடுன்னு சொல்லுங்க, இப்பவே கூப்பிடறேன்.”

அவர் போனைப் பார்த்தார். எடு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. எடுத்தாலும் அவள் சொன்னது சொன்னதுதான். தாளில் மட்டும் இருக்காது.

“தண்ணி குடி” என்றார்.

“என்னது?”

“சொம்பு நிறைய. என் எதிர்ல.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே நின்று, அண்ணாந்து குடித்தாள். மடக் மடக்கென்று தொண்டை ஏறி இறங்கியது. அந்தச் சத்தத்தை அவர் மறந்தே போயிருந்தார். ஒரு சொட்டு மோவாயில் நின்று, கழுத்தில் இறங்கியது. அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“போதுமா?” கண் சிவந்திருந்தது அவளுக்கு.

“போதும்.”

மறுநாள் காலை குழாயை ஒரே சீராக ஓடவிட்டுக் குளித்தார். ஒரு வாய்கூட விழுங்கவில்லை. கதவுக்கு வெளியே அவள் காது இருக்கும் என்ற நினைப்பே தொண்டையை அடைத்துவிட்டது. அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே கள்ளத்தனமும் போயிற்று.

அச்சகத்துக்கு வந்து, மடித்த பக்கத்தை நீவி விட்டு, பென்சில் கேள்விக்குறியை ரப்பரால் அழித்தார். பக்கம் அமைக்கும் பெண் வந்து எட்டிப் பார்த்தாள்.

“கடலா, குடலாண்ணே?”

“கடல்.”

“கடல் எப்படிண்ணே வத்தும்?”

“வத்தும்மா.”

அவள் பக்கத்தின் அடியைப் பார்த்தாள். ‘பார்த்தேன்’ என்று மட்டும் இருந்தது.

“சரி எழுத மறந்துட்டீங்க.”

“மறக்கல.”

“அப்ப பிழை இருக்கா?”

“ஒரு பிழையும் இல்ல. அச்சுக்குப் போகட்டும்.”

“அது இல்லாம முதலாளி தகடு போட மாட்டாரேண்ணே. வாயால சொன்னா செல்லாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே?”

கொம்பு சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினார். “நீ எழுது.”

“நானா?”

“இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தைப் பார்த்தாள், மேலே தலைப்பை இன்னொரு முறை படித்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் குனிந்து, அவருடைய ‘பார்த்தேன்’ பக்கத்தில், குண்டு குண்டான எழுத்தில் ‘சரி’ என்று எழுதினாள்.