பாதி மாத்திரை

“ஒரு வேளைகூட விடல டாக்டர்,” என்று சுபத்ரா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னபோது, அவள் கணவர் ஏகநாதன் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை.

மேசைமேல் அவர்கள் நாய் பூரி வாலைச் சுருட்டி நின்றது. மூக்கின்மேல் மறுபடியும் மஞ்சள் பொருக்கு, காதோரங்களிலும். சொறிதான் என்று வேப்பெண்ணெய் தடவி ஓய்ந்தபின், நாலு மாதம் முன்பு கேம்ப் ரோட்டிலுள்ள இந்த கிளினிக்கில்தான் விஷயம் தெரிந்தது. பூரியின் உடம்பே அதன் தோலை எதிரியாக நினைத்துத் தாக்குகிறதாம். தினம் காலையில் இரண்டு ஸ்டீராய்டு மாத்திரை. ஒரே மாதத்தில் தோல் பளபளவென்று ஆகிவிட்டது. ஆனால் கூடவே ஒரு பசி வந்ததே, அது லேசுப்பட்ட பசியில்லை. தட்டை நக்கி, தரையை நக்கி, ஏகநாதன் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் வந்து மூச்சிரைக்கப் பார்க்கும். சர்க்கரை வந்தபின் தானே அளந்து சாப்பிடுகிற மனுஷன், பாவம், அந்தப் பார்வையைத் தாங்கமாட்டார். சுபத்ரா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் மாத்திரை கொடுப்பது அவர் வேலை. தோல்தான் ஆறிவிட்டதே என்று வாழைப்பழத்துக்குள் ஒன்றரையை வைத்தார். பிறகு ஒன்று. மிச்சத்தைத் தூக்கிப்போடவும் மனசு வரவில்லை.

டாக்டர் ப்ரியா பேனாவை எடுத்தார். “அப்போ இந்த மருந்துக்குக் கேக்கல. இன்னொண்ணு சேக்கணும். அது லிவரை பாதிக்கலாம், ரத்த அணுக்களும் குறையலாம். வேற வழியில்ல.”

“உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?” என்றாள் சுபத்ரா.

“அதுக்குத்தான் ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி ரத்தம் எடுத்துப் பாக்கணும்.”

பேனா சீட்டைத் தொட்டது. ஏகநாதன் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். முழுசும் பாதியுமாக வெள்ளை மாத்திரைகள் விழுந்தன.

“நான்தாம்மா குறைச்சேன். அது பசியில தவிக்கிறத பாக்க முடியல.”

சுபத்ரா மாத்திரைகளையே பார்த்தாள். “ஆறு வாரமா குடுத்தாச்சுன்னு சொன்னீங்க,” என்றாள். கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“பசின்னு சொல்லியிருந்தா நானே பாத்து மெதுவா குறைச்சிருப்பேனே சார்,” என்றார் டாக்டர், மாத்திரைகளை ஒரு கவரில் வாங்கிக்கொண்டே. “முழு டோஸ், மூணு வாரம். அப்பவும் ஆறலன்னா அந்த மருந்துதான்.”

ஏகநாதனுக்கு வெட்கமாக இருந்தது. நீட்டிய கையை மடக்கத் தோன்றவில்லை. சுபத்ரா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூரி கழுத்தை நீட்டி, பொருக்குத் தட்டிய மூக்கை அவர் கையில் வைத்து, ரேகைகளில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைக் கசப்பென்றும் பாராமல் நக்க ஆரம்பித்தது.